சினை யார் தட்டில்

என் ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா இருந்தது. ஷூ பாலிஷ் டப்பா அளவுதான் இருக்கும். நீல மூடி, மூடியையும் அடியையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு சிவப்பு ரப்பர் வளையம். நான் வாங்கியதில்லை. என்னைக் கேட்டு வைத்ததும் இல்லை. ஆனால் அதற்கு இடம் விடுவதற்காக என் தோசை மாவு மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கியிருந்தது. பால் எடுக்கத் திறந்தாலும் அது கண்ணில் பட்டது, கொத்தமல்லி எடுக்கத் திறந்தாலும் பட்டது. பட்ட ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. பொறாமைதான்.

கொண்டுவந்தவள் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. சேலம் டவுன்காரி. கல்யாணமான கையோடு துபாய்க்குப் போனவள், இப்போது அங்கே ஒரு பெரிய உணவுப்பொருள் கடையில் வேலை பார்க்கிறாள். சீஸ், ஆலிவ், புகைபோட்ட மீன் என்று பணக்காரர்கள் வாங்குகிற சாமான்கள் இருக்கும் கவுண்டர். வருஷத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் புருஷனோடு வந்து, பத்து நாள் இருந்துவிட்டுப் போவாள்.

மே மாதம் ஏற்காட்டில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஏரிக்குப் போகிற ரோட்டில் எங்கள் கடை. காப்பித்தூள், மிளகு, தைலம், சாக்லேட் எல்லாம் விற்கிறோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. மலர்க் கண்காட்சிக்கு வருகிற கூட்டம் முழுக்க எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். நான் அடுப்படிக்கும் கடைக்குமாக, மஞ்சள் கறை போகாத நைட்டியும் தலையில் துப்பட்டாவுமாக அலைவேன். அந்த நேரம் பார்த்து இவள் வந்து இறங்குவாள், கசங்காத துணியில், கையில் ஏதாவது ஒரு சாமானோடு. ஒரு வருஷம் குங்குமப்பூ. இன்னொரு வருஷம் பாதாம் வைத்த பேரீச்சம்பழம். இந்த வருஷம் இது. கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, அடிவாரம் ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன என்று குப்பனூர் வழியாகச் சுற்றி ஏறி, வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம்.

“அக்கா, இத ஃப்ரிட்ஜுல நல்லா உள்ள தள்ளி வெச்சிருங்க. ஃப்ரீசர்ல மட்டும் வெச்சிராதீங்க, மணியெல்லாம் உடைஞ்சு போயிரும். ஞாயித்துக்கிழம எல்லாரும் இருக்கறப்ப திறக்கலாம்” என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் மாமியார் எட்டிப் பார்த்தார். “என்ன கண்ணு அது?”

“கேவியருங்க மாமி. மீன் சினை. கருப்பா இருக்கும்.”

“ஹலாலுதான?”

“மீனுதானுங்க மாமி.”

சினை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று வெளியாட்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு மேட்டூர் மீன் வரும். அடிவாரத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஏறி வருவார். கோடையில் சில மீன்களின் வயிற்றில் சினை இருக்கும். செதில் எடுப்பது, கழுவுவது, குழம்பு கூட்டுவது எல்லாம் என் வேலை. சினையை மட்டும் மாமி என்னைத் தொடவிடமாட்டார். பை கிழியாமல் அவரே எடுத்து, மஞ்சளும் உப்பும் தடவி, இரும்புக் கல்லில் சின்ன வெங்காயத்தை வதக்கி, எங்கள் கொல்லையில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருக்கும் கொடியின் மிளகை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, சிறு தீயில் புரட்டிப் புரட்டி எடுப்பார். மஞ்சள் படாமல், தீ காணாமல், மீன் சம்பந்தப்பட்ட எதுவும் எங்கள் வீட்டில் யார் வாய்க்குள்ளும் போனதில்லை.

அந்தச் சினையை மாமி பங்கு போடமாட்டார். முழுதாக ஒரே ஒரு ஆள் தட்டில் வைப்பார். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார், ஏன் என்று பிறகும் சொல்லமாட்டார். எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்த பிறகு கல்லும் கையுமாக வந்து, ஒரு நிமிஷம் நின்று, ஒருவர் தட்டில் வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு இந்த வீட்டில் அந்த ஆள்தான் பெரிய ஆள். என் மாமியார் யாரையும் வாய்விட்டுப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அவர் சொல்ல நினைப்பதையெல்லாம் அந்தச் சினையில்தான் சொல்வார்.

கல்யாணமான புதிதில் எனக்கு வந்தது. என் மகன் வயிற்றில் இருந்தபோது வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. நாத்தனார் வந்தால் நாத்தனாருக்கு. காய்ச்சலில் கிடந்து எழுந்தால் என் வீட்டுக்காரருக்கு. இப்போது கோயமுத்தூரில் படிக்கிற என் மகன் லீவுக்கு வந்தால் அவனுக்கு. மே மாதத்துச் சினையெல்லாம் ஓரகத்திக்கு. வருஷம் முழுக்க இந்த அடுப்பின் முன்னால் நிற்பவள் நான். மாமிக்கு முழங்கால் வீங்கினால் தைலம் தேய்ப்பவள் நான். பத்து நாள் வந்து போகிறவளின் தட்டில் சினை விழும்போது, நான் குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் கேட்டு வாங்கினால் அது வெறும் மீன் முட்டை. மாமியாகப் பார்த்து வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் இவள் தானே ஒரு சினையைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள். அதுவும் உலகத்திலேயே விலை கூடிய சினை. விலையைக் கேட்டேன். சொன்னாள். மறுபடி கேட்கவில்லை.

மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்திருக்கும்போது, மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு போனில் தேடினேன். கற்றுக்கொள்ளும் ஆசையெல்லாம் இல்லை. அவள் சொல்வதில் ஒரு தப்பாவது கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் மெதுவாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் திட்டம். ஸ்டர்ஜன் என்று ஒரு மீன். முதுகில் எலும்புக் கட்டிகளோடு, நீட்டு மூக்கோடு, பார்க்க ஒன்றும் லட்சணமாக இல்லை. காஸ்பியன் கடல் பக்கத்து மீன். பிடித்துப் பிடித்து அங்கே அரிதாக்கிவிட்டார்கள், இப்போது பெரும்பாலும் பண்ணைகளில்தான் வளர்க்கிறார்கள். பெண் மீன் சினை பிடிக்கவே பல வருஷம் ஆகுமாம். சினையை எடுத்து, சல்லடையில் மெதுவாகத் தேய்த்து மணி மணியாகப் பிரித்து, கொஞ்சமே கொஞ்சம் உப்பு சேர்த்து டப்பாவில் அடைப்பார்கள். உப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு உசத்தி. உப்பு அதிகம் போட்டால் மீனின் குறையை மறைக்கிறார்கள் என்று அர்த்தமாம்.

அந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. மிளகுக்காரர்களுக்குத் தெரியும், நல்ல சரக்குக்கு மேல்பூச்சு வேண்டாம். பல வருஷம் காத்திருந்து சினை பிடிக்கிற மீன் மீதும் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. நானும் ஒரு சினைக்காகப் பல வருஷமாகக் காத்திருக்கிறவள்தானே. ஆனால் தப்பு எதுவும் கிடைக்கவில்லை. அவள் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. எரிச்சல் இன்னும் கூடியது.

வெள்ளிக் கரண்டி பட்டால் ருசி கெடும் என்றாள், அதுவும் சரி. முத்துச்சிப்பியைச் செதுக்கிச் செய்த கரண்டி ஒன்று கொண்டுவந்திருந்தாள். சின்னதாக, பளபளவென்று, வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் பச்சை. குழந்தைக்கு மருந்து புகட்டுகிற அளவு. அதைத் துடைத்துத் துடைத்து ஒரு துணியில் சுற்றி வைத்தாள். என் அடுப்படியில் இருக்கிற கரண்டிகளையெல்லாம் பார்த்தேன். எல்லாம் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர், பேர் வெட்டினது.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, நாளைக்கு குட்டி குட்டியா தோசை ஊத்தித் தர்றீங்களா? ஒரு வாய் அளவுக்கு. அங்க ஒரு மாதிரி அப்பம் செய்வாங்க, அதுக்குப் பதிலா உங்க தோசை நொம்ப நல்லா இருக்கும். ஆனா மாவுல உப்பு போடக்கூடாதுங்க அக்கா.”

“உப்பு போடாமயா?”

“சினைல இருக்கற உப்பு போதும்.”

என் தோசையை ஏற்காட்டில் யாரும் உப்பில்லை என்று சொன்னதில்லை. இப்போது நானே என் கையால் உப்பில்லாத தோசை ஊற்ற வேண்டும். சரி என்றேன். கொஞ்சம் மாவைத் தனியாக எடுத்து வைத்தேன். தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடியத் தொங்கவிடச் சொன்னாள், அதையும் செய்தேன். செய்யும்போது மனசுக்குள் அவளைக் கரித்துக்கொட்டிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட் சத்தம் கேட்டது. மீன்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்து, ஒரு கட்லாவின் வயிற்றை அழுத்திக் காட்டினார்.

“ஏனுங்க, இன்னிக்கு சினை மீன் மாட்டியிருக்குதுங்க. உங்க ஊட்டுக்குன்னே தனியா வெச்சிருந்தேன்.”

அந்த மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வரும்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் உடம்பே லேசாகிவிட்டது. ஓரகத்திக்குத்தான் இன்றைக்கு அவளுடைய சினை இருக்கிறதே. ஒரு டப்பா நிறைய. ஒரே ஆளுக்கு இரண்டு சினை மாமி எப்படி வைப்பார்? என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் இல்லை. மகன் ஊரில் இல்லை. நாத்தனாரும் வரவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் மிஞ்சுவது நான்தான். இன்றைக்கு அது எனக்குத்தான் வர வேண்டும், வேறு வழியே இல்லை. மீனைக் கழுவும்போது பாட்டு ஒன்று முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன், ஓரகத்தி திரும்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்தாள். ஒரு சட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி அதன் நடுவில் டப்பாவை அழுத்தி வைத்திருந்தாள். ரப்பரை உருவி மூடியை எடுத்ததும் நான் குனிந்து பார்த்தேன். கருப்பு என்று சொன்னாளே தவிர முழுக் கருப்பு இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்து, நடு நடுவே எண்ணெய் பூசினது போல ஒரு மினுக்கம். ஊறிய சப்ஜா விதை என்று முதலில் தோன்றியது, பார்க்கப் பார்க்க அப்படி இல்லை. ஒவ்வொரு மணியும் ஒட்டாமல் தனித்தனியாக நின்றது. மீன் வாடையே இல்லை. நான் மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோய் வேண்டுமென்றே தேடினேன், இல்லை.

முதலில் மாமியிடம் போனாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கையில், கொஞ்சம் வைத்து அப்படியே வாயில் எடுக்க வேண்டும், கைச்சூட்டில் மணம் எழும் என்று விளக்கினாள். மாமி கையை நீட்டவில்லை.

“வேக வெக்கலியா?”

“இல்லீங்க மாமி, இப்படியேதான்.”

“பச்சச் சினை வயித்துக்கு ஆவாது கண்ணு. அப்பறம் பாக்கலாம்.”

ஓரகத்தியின் கை அப்படியே நின்றது. சிரித்தாள், ஆனால் முகம் தொங்கிப்போனது எனக்குத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பிறகு என்னிடம் வந்தாள். வெறும் உப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். கையை நீட்டினேன். அந்தச் சிப்பிக் கரண்டியால் அள்ளி வைத்தாள். ஜில்லென்றது.

“கடிக்காதீங்க அக்கா. நாக்கால மேல அழுத்துங்க.”

அழுத்தினேன். மணிகள் ஒரே சமயத்தில் உடையவில்லை. ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பிறகு நாலைந்து சேர்ந்து. உப்பு நான் நினைத்ததில் பாதி கூட இல்லை. அதற்குப் பின்னால் வெண்ணெய் போல ஒன்று நாக்கெல்லாம் பரவியது. அது அடங்கியதும் வால்நட் பருப்பின் ருசி, அதன் கடைசியில் கடல் எங்கோ தள்ளி இருக்கிற மாதிரி ஒரு ஈரம். விழுங்கிய பிறகும் அது போகவில்லை. உப்பில்லாத தோசை மேல் கட்டித் தயிர் தடவி, அதன் மேல் கொஞ்சம் வைத்துக் கொடுத்தாள். என் தோசை அதற்கென்றே பிறந்தது போல் இருந்தது. உப்பு போட்டிருந்தால் கெட்டிருக்கும்.

“எப்படிங்க அக்கா?”

“பரவால்ல” என்றேன். நல்லதாக இல்லாமல் போயிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இது நல்லதாக இருந்தது. இவள் இதை அங்கே தினமும் கையால் அள்ளுகிறாள், இதன் பேரும் ஊரும் ருசியும் பேதமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இத்தனை வயதில் இப்போதுதான் ஒரு வாய். அந்த நிமிஷத்தில் அவள் மேல் இருந்த பொறாமை அதற்கு முந்தைய ஆறு நாளும் சேர்த்தால்கூட வராது.

டப்பாவில் முக்கால்வாசி மீதி இருந்தது. ஆண்கள் இரண்டு பேரும் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். “அவங்களும் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம்” என்று டப்பாவை ஐஸிலேயே வைத்துவிட்டு, ஓரகத்தியும் நானும் உள்ளறையில் தொழ நின்றோம். மாமி நாற்காலியில் உட்கார்ந்து தொழுபவர், எங்களுக்கு முன்பே முடித்துவிட்டார்.

நான் ஸஜ்தாவில் இருக்கும்போது சின்ன வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. பிறகு மிளகு. மாமி கட்லாச் சினையைக் கல்லில் போட்டுவிட்டார் என்று தெரிந்தது. தொழுகையில் மனசை ஒருநிலைப்படுத்த வேண்டும், எனக்கு நெற்றி தரையிலும் மனசு அடுப்படியிலும் இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும். முடித்து ஸலாம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தபோது ஆண்கள் வந்து விரிப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். நான் சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். என் தட்டில் ஓரமாகக் கொஞ்சம் இடம் விட்டுச் சோற்றைத் தள்ளி வைத்தேன்.

மாமி கல்லோடு வந்தார். கட்லாச் சினை, பொன்னிறமாக, பை கிழியாமல். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு குனிந்து அதை ஓரகத்தியின் தட்டில் வைத்தார்.

சோற்றில் கை வைத்தேன், பிசையவில்லை. மாமி உள்ளே திரும்பிப் போய் இன்னொரு சின்ன வாணலியோடு வந்தார். நேராக என்னிடம் வந்து நின்று, அதைச் சாய்த்து, கரண்டியால் வழித்து என் தட்டில், நான் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் போட்டார். மஞ்சளும் வெங்காயமும் மிளகும் கலந்த, சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியான ஏதோ ஒன்று. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. ஓரகத்திக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் பார்வை மேஜை மேல் இருந்த ஐஸ் சட்டிக்குப் போனது. டப்பா அங்கே காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“அத்தன தூரத்துல இருந்து கொண்டாந்துருக்கா, பச்சயா வெச்சு வீணாப் போவுதேன்னு பொரிச்சுட்டேன்” என்றார் மாமி. “நல்லா கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு. சுருங்கிப் போச்சு, பரவால்ல. அவ கொண்டாந்தத அவளே தின்னா என்ன மருவாதி. மூத்தவளுக்குத்தான் அது.”

என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி நின்றுகொண்டே இருந்தார், நான் சாப்பிடுவதைப் பார்ப்பதற்காக. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் கையால் என் தட்டில் சினை. அதுவும் இந்த வீட்டுக்கு வந்த சினைகளிலேயே பெரியது. நான் ஏங்கியது இதற்குத்தான். நாளைக்குச் செத்தாலும் குறையில்லை என்று சொல்லுமளவுக்கு நான் ஏங்கிய விஷயம் இது.

ஒரு வாய் எடுத்தேன். மணல். உப்புக்கு மேல் உப்பு. வெண்ணெயும் இல்லை, வால்நட்டும் இல்லை, கடலும் இல்லை. வாணலியில் எல்லாம் வெடித்துத் தீய்ந்து, தோல் மட்டும் மிச்சமிருந்தது. பல்லில் நறநறத்தது.

“எப்படி இருக்குது கண்ணு?”

“நொம்ப நல்லாருக்குதுங்க மாமி” என்றேன். முழுவதையும் தின்றேன். எங்கள் வீட்டில் சினையைப் பங்கு போடும் வழக்கம் இல்லை, மீதி வைக்கும் வழக்கமும் இல்லை. மாமியின் முகம் மலர்ந்தது. அவர் போன பிறகு நிமிர்ந்து ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. குழம்புக் கரண்டியோடு நிற்கும்போது என் முகத்தில் இருந்திருக்க வேண்டிய பார்வை அது. அவள் மாமிக்காகச் சுமந்துவந்ததை மாமி என் தட்டில் போட்டுவிட்டார்.

சாப்பாடு முடிந்து ஆண்கள் கடைக்குப் போனதும் அவள் அடுப்படிக்கு வந்தாள். நான் வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க அக்கா, கழுவவேற செஞ்சுட்டாங்களே” என்றாள். டப்பாவை மேடையில் வைத்துவிட்டு, “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“மாமி எனக்கு வெக்கற அந்த வறுத்த சினை இருக்குதில்ல. எனக்கு அது புடிக்கவே புடிக்காதுங்க அக்கா. மாவாட்டம் தொண்டைல அடைக்குது. ஒவ்வொரு வாட்டியும் தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் முழுங்கறேன்.”

வாணலியை வைத்துவிட்டேன். “இத்தனை வருசமாவா? ஏன் சொல்லல?”

“சொன்னா வெக்க மாட்டாங்களே” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவள் ருசித்துத் தின்றிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். ஒவ்வொரு மே மாதமும் நான் பக்கத்தில் நின்று வெந்துகொண்டிருக்க, இவள் அதைத் தண்ணீர் விட்டு உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். எதையாவது எடுத்து வீசலாம் போல இருந்தது. ஆனால் அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை. என் பல்லிடுக்கில் அப்போதும் தீய்ந்த கேவியர் இருந்தது.

மூடியின் உள்விளிம்பில், ரப்பர் பிடித்திருந்த ஓரத்தில், மாமியின் கண்ணுக்குத் தப்பிய மணிகள் கொஞ்சம் ஒட்டியிருந்தன. அவள் சிப்பிக் கரண்டியால் அதைச் சுற்றி வழித்தெடுத்தாள். ஒரு ஆளுக்குக்கூடப் போதாது. என் பக்கம் நீட்டினாள். நீயே சாப்பிடு என்று சொல்கிற நல்ல மனசு எனக்கு இல்லை. புறங்கையைக் காட்டினேன். நாக்கால் மேலே அழுத்தினேன். அதே வெண்ணெய், அதே வால்நட். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் புதன்கிழமை கிளம்பிப் போனார்கள். தோசை மாவு மேல்தட்டுக்குத் திரும்பியது.

அடுத்த ஞாயிறும் மொபெட் வந்தது. அன்றைக்கும் சினை மீன். வீட்டில் மாமி, என் வீட்டுக்காரர், நான். அவ்வளவுதான் ஆட்கள். ஓரகத்தி இல்லை, டப்பா இல்லை, விருந்தாளி இல்லை. அவள் சொன்னதெல்லாம் மனசில் இருந்தாலும், வெங்காயம் வதங்கும் வாசம் வந்ததும் பழைய ஆசை தானாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அந்த வறுத்த சினை பிடிக்கும். உண்மையாகவே பிடிக்கும். மாவு மாதிரி உதிர்வதும், மிளகு தூக்கலாக ஏறுவதும், மேலே மொறுமொறுவென்று ஒட்டியிருக்கும் வெங்காயமும் எனக்குப் பிடிக்கும். தட்டில் ஓரமாக இடம் விட்டேன்.

மாமி கல்லோடு வந்தார். நின்றார். என் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் போய், போனில் கிரிக்கெட் பார்த்தபடி சோறு பிசைந்துகொண்டிருந்த தன் மகன் தட்டில் வைத்தார். அவர் அது என்னவென்றுகூடப் பார்க்கவில்லை, அப்படியே குழம்புச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தார்.

மாமி என் பக்கம் திரும்பினார். குரலில் அவ்வளவு பிரியம். நான் அதுவரை கேட்டிராத பிரியம்.

“உனக்கு இனி இதெல்லாம் எங்க கண்ணு புடிக்கப்போவுது. அன்னிக்கு அந்தக் கருப்புச் சினைய அத்தன ஆசையாத் தின்னியே, நான் பாத்துட்டுத்தான இருந்தேன். அவகிட்டச் சொல்லிட்டேன், அடுத்த வருசம் உனக்குன்னே ரெண்டு டப்பா கொண்டாறச் சொல்லி. என் கையால பொரிச்சு வெக்கறேன்.”

சொல்லியிருக்கலாம். எனக்கு மேட்டூர்ச் சினைதான் பிடிக்கும் மாமி, அந்தக் கருப்புச் சினையை அடுப்பில் போடக்கூடாது மாமி என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அடுத்த வருஷம் வைக்கமாட்டாரே.

“சரிங்க மாமி” என்று சொல்லிவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.